மலையூரில் டைமண்ட் பெயிண்டிங் தொடங்குவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கூடத்து மேசையில் அமர்ந்து இந்தக் கைவேலையைக் கற்றுக்கொண்டவர்கள், தொடங்குவதற்கு முன்பும் பாதி வழியிலும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகள் நிறைய உண்டு. ஆனால் மலையில் இந்த வேலையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது படமோ கல்லோ அன்று, கேன்வாஸின் மேல் பூசப்பட்டிருக்கும் பசைதான். அந்தப் பசையை ஈரத்திலிருந்தும் குளிரிலிருந்தும் நூலிழைத் தூசியிலிருந்தும் காப்பாற்றத் தெரிந்துகொண்டால், மற்றவை கைக்குத் தானாகவே படிந்துவிடும்.

டைமண்ட் பெயிண்டிங் என்றால் என்ன? இதில் வண்ணம் தீட்ட வேண்டுமா?

தீட்ட வேண்டியதில்லை. ஒட்டும் பசை பூசிய கேன்வாஸில் சிறு சிறு கட்டங்களும், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்தோ குறியோ அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் குறிக்கு உரிய நிறக் கல்லைப் பேனா போன்ற கருவியால் எடுத்து, கட்டத்தின் மேல் வைத்து அழுத்த வேண்டும். கற்கள் உண்மையில் பிசின் அல்லது அக்ரிலிக்கால் ஆனவை. மேற்பக்கம் வைரம் போலப் பட்டை தீட்டப்பட்டிருப்பதால்தான் இந்தப் பெயர். புள்ளிக் கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இதன் அடிப்படை உடனே புரிந்துவிடும். அங்கே புள்ளியைச் சுற்றிக் கோடு வளைகிறது, இங்கே புள்ளிகளே நெருங்கி நின்று படமாகின்றன.

வட்டக் கல் வாங்குவதா, சதுரக் கல் வாங்குவதா?

முதல் படத்துக்கு வட்டக் கல்லையே வாங்குங்கள். வட்டக் கல்லின் விட்டம் பொதுவாக 2.8 மில்லிமீட்டர்; சதுரக் கல்லின் பக்கம் 2.5 மில்லிமீட்டர். வட்டக் கல் இம்மி நகர்ந்து உட்கார்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சதுரக் கல் ஒன்று கோணலானால் அடுத்தது இடிக்கும், அதற்கடுத்தது ஏறி நிற்கும், பத்தாவது கல்லுக்கு இடமே இராது. ஆனால் சதுரக் கற்கள் இடைவெளியின்றி அடைந்து நிற்பதால் முடிந்த படம் ஓவியத்துக்கு நெருக்கமாகத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வட்டக் கல் படங்களை முடித்தபின் சதுரத்துக்குப் போவது நல்ல வரிசை.

முதல் படம் எந்த அளவில் இருக்க வேண்டும்?

இந்த ஒரு கேள்வியை அலட்சியம் செய்ததால் பாதியில் சுருட்டிப் பரணில் போடப்பட்ட படங்களைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கணக்கு எளிது. சதுரக் கல்லானால் ஒரு சென்டிமீட்டருக்கு நான்கு கல், ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பதினாறு கல். 20க்கு 20 சென்டிமீட்டர் படத்தில் 6,400 கற்கள். 30க்கு 40 என்றால் 19,200. 40க்கு 50 என்றால் 32,000. வட்டக் கல்லில் இந்த எண்ணிக்கை சற்று மாறுபடும். புதிதாகத் தொடங்கியவர்கள் ஒரு மணி நேரத்தில் நானூறு, ஐந்நூறு கற்கள் வைப்பதை என் மேசையில் கண்டிருக்கிறேன். அப்படியானால் சிறிய படத்துக்கே ஏறத்தாழ பதினான்கு மணி நேரம் வேண்டும். 30க்கு 40 படம் நாற்பது மணி நேரத்தைத் தாண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விற்பனைப் பக்கத்தில் குறிப்பிடும் அளவு சில வேளைகளில் ஓரத்து வெள்ளை விளிம்பையும் சேர்த்த கேன்வாஸின் அளவாக இருக்கும். படம் அதைவிடச் சிறியதாக வரும். படத்தின் அளவு என்ன என்பதைத் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.

பெட்டியில் என்னென்ன இருக்கும்? வேறு என்ன வாங்க வேண்டும்?

கேன்வாஸ், எண்ணிட்ட பொட்டலங்களில் கற்கள், பேனா, ஒரு சதுரம் மெழுகு, வரிப்பள்ளங்கள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஆகியவை இருக்கும். சிலவற்றில் சிறு இடுக்கியும் வரும். தொடங்க இவையே போதும். கற்களின் எண்கள் பெரும்பாலும் பிரான்சின் முல்ஹவுஸ் நகரில் 1746இல் தொடங்கிய டி.எம்.சி. நூல் நிறுவனத்தின் நிற எண்களைப் பின்பற்றியவை. குறுக்குத் தையல் போட்டவர்களுக்கு இவை அறிமுகமானவை. 310 என்றால் கறுப்பு என்பது இரண்டு கைவேலையிலும் ஒன்றே.

கூடுதலாக நான் வாங்கச் சொல்வது மூன்று பொருள்கள்: சிலிக்கான் பூச்சுள்ள பேக்கிங் காகிதம் (கேக் சுடும்போது தட்டில் விரிப்பது), வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி. விளக்கு, மூடியுள்ள சிறு டப்பாக்கள். டப்பாவுக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் ஹோமியோபதி மாத்திரைக் குப்பிகளைக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தலாம். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா அப்படித்தான் முப்பத்தெட்டு நிறங்களை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வரிசையாக நிறுத்தியிருக்கிறார். ஒவ்வொரு மூடியிலும் எண்ணையும் குறியையும் சேர்த்தே எழுதி ஒட்டுங்கள். எண் மட்டும் இருந்தால், எந்தக் குறிக்கு எந்த எண் என்று கேன்வாஸின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அட்டவணையை ஒவ்வொரு முறையும் பார்க்க நேரிடும்.

பார்சல் வந்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

கேன்வாஸின் பசையை மூடியிருக்கும் மேல் உறையை உடனே உரித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மழையில் மலையேறி வந்த பொட்டலம் குளிர்ந்தும் ஈரம் கோத்தும் இருக்கும். கேன்வாஸை வெளியே எடுத்து, உறை ஒட்டியபடியே ஒரு பகல், ஓர் இரவு அறைக்குள் வைத்திருங்கள். சுருண்டு வந்த கேன்வாஸைப் படம் மேலே இருக்கும்படி விரித்து, நான்கு மூலைகளிலும் கனத்த புத்தகங்களை வைத்தால் இரண்டு நாளில் சமமாகிவிடும். மடித்து அனுப்பப்பட்ட கேன்வாஸில் மடிப்புக் கோடு எளிதில் போகாது. ஆகவே சுருட்டி அனுப்புகிறவர்களிடமே வாங்குவது நல்லது. அதற்குள் கல் பொட்டலங்களை அட்டவணையோடு ஒப்பிட்டு எண்ணிப் பாருங்கள். விடுபட்ட நிறத்தை முதல் வாரத்தில் கேட்டால் அனுப்பிவைப்பார்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் பதில் கிடைப்பது அரிது.

கல்லை எப்படி வைப்பது?

தட்டில் ஒரு நிறக் கல்லைக் கொஞ்சமாகக் கொட்டி, அரிசி புடைப்பதைப் போல மெல்ல ஆட்டுங்கள். பெரும்பாலான கற்கள் பட்டைப் பக்கம் மேலாகத் திரும்பிப் பள்ளங்களில் வரிசையாக நின்றுகொள்ளும். பேனா முனையை மெழுகில் இரண்டு முறை குத்தி எடுத்தால், முனைத் துளைக்குள் கடுகளவு மெழுகு ஏறும். அதைக் கல்லின் பட்டைப் பக்கத்தில் தொட்டால் கல் ஒட்டிக்கொண்டு வரும். கட்டத்தின் மேல் நேராக இறக்கி, மெல்ல அழுத்திப் பேனாவை எடுத்தால் கல் அங்கேயே நின்றுவிடும். கல்லின் மேல் மெழுகுப் பிசுக்கு தெரிந்தால், முனையில் மெழுகு அதிகம் ஏறிவிட்டது என்று பொருள்.

உறை முழுவதையும் ஒரே நேரத்தில் உரிக்காதீர்கள். உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் திறந்து, அந்தப் பகுதியை முடித்தபின் அடுத்ததற்குப் போங்கள். வலது கைக்காரர்கள் இடப்புறத்திலிருந்து தொடங்கினால் கை பசையில் படாது. ஒரு நிறத்தை முழுதாக முடித்து அடுத்த நிறத்துக்குப் போவதா, வரிசை வரிசையாகப் போவதா என்பது அவரவர் மனப்போக்கு. நான் அந்தச் சிறு பகுதிக்குள் நிறம் நிறமாகவே வைக்கிறேன். சதுரக் கல்லில் மட்டும், சதுரங்கப் பலகையைப் போல ஒன்று விட்டு ஒன்றாக முதலில் வைத்துவிட்டு இடையிலுள்ளவற்றைப் பிறகு நிரப்பினால் வரிசை நேராக வரும்.

மழையிலும் பனியிலும் பசை கெட்டுவிடாதா?

கெடும். இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒரு நவம்பர் மாலையில், கைப்பிடி அகலம் மட்டுமே மீதமிருந்த ஒரு படத்தை, உறையை மூடாமல் சன்னலோரத்து மேசையிலேயே விட்டுவிட்டு உறங்கப் போனேன். இரவில் மேகம் இறங்கி, சன்னல் இடுக்கு வழியே உள்ளே வந்திருக்கிறது. காலையில் தொட்டால் பசை வழுக்கியது. வைத்த கல் அரை மணி நேரத்தில் பெயர்ந்து வந்தது. காய்ந்தபின் ஓரளவு பிடித்ததே தவிர, அந்தப் பகுதி பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அதன் பிறகு எழுந்திருக்கும்போதெல்லாம், தண்ணீர் குடிக்கப் போவதாக இருந்தாலும், உறையை மூடாமல் நான் மேசையை விட்டு நகர்வதில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. வேலை செய்யாத நேரத்தில் கேன்வாஸைச் சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள். மலைவீட்டுச் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் துணியின் பின்பக்கம் பூஞ்சை பூக்கும். மூடியுள்ள பெட்டியில், மருந்துக் குப்பிகளிலும் காலணிப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றைப் போட்டு, படுக்கை வாக்கில் வையுங்கள். கல் பதித்த பகுதி சுருட்டப்படும் நிலை வந்தால் கற்கள் வெளிப்புறமாக இருக்கும்படியே சுருட்ட வேண்டும். உட்புறமாகச் சுருட்டினால் ஒன்றையொன்று நெருக்கிப் பெயர்ந்துவிடும்.

குளிர் வேறு வகையில் தொல்லை தரும். டிசம்பர், ஜனவரியில் உதகைப் பக்கம் உறைபனி விழும் காலைகளில் மெழுகு கல்லாக இறுகிவிடும், பசையும் மந்தமாகும். மெழுகைச் சிறிது நேரம் உள்ளங்கையில் பொத்திவைத்தால் இளகும். பசைக்கு வெயில் ஏறும்வரை காத்திருப்பதே சரியான வழி. பதினோரு மணிக்கு மேல் வேலைக்கு உட்காருங்கள். அறையைச் சூடாக்கக் கரியடுப்பை உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்துவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அதிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த அறையில் அது உயிரைப் பறிக்கும்.

அடுத்தது ஸ்வெட்டர். கம்பளியிலிருந்து உதிரும் இழைகள் பசையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. குளிர்காலத்து வறண்ட பகலில் கம்பளியின் மின்னூட்டத்தால் கற்களும் தட்டிலிருந்து துள்ளிக் கைப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு பருத்திச் சட்டையை அணிந்துகொண்டு, கைகளை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டால் இரண்டு தொல்லையும் தீரும். பெட்டியோடு வரும் மெல்லிய உறை அடிக்கடி உரித்து மூடினால் சுருங்கி, இடையில் காற்றும் தூசியும் புகும். அதற்குப் பதிலாகத்தான் பேக்கிங் காகிதத்தை உள்ளங்கையளவு சதுரங்களாக வெட்டிப் பசைமீது அடுத்தடுத்து ஒட்டிவைக்கச் சொல்கிறேன். ஒரு சதுரத்தை எடுத்து, முடித்து, அடுத்ததை எடுக்கலாம்.

இரவில் வேலை செய்யலாமா?

செய்யலாம், மஞ்சள் விளக்கின் கீழ் மட்டும் வேண்டாம். தேயிலைத் தோட்டப் படமொன்றை எடுத்துக்கொண்டால் 3345, 3346, 3347 ஆகிய மூன்று பச்சைகளும் அதில் அருகருகே வரக்கூடும். பகலில் பார்த்தால் முற்றிய இலை, நடு இலை, கொழுந்து என்று தெளிவாகப் பிரியும் இந்த நிறங்கள், மஞ்சள் ஒளியில் ஒன்றாகவே தெரியும். மறுநாள் காலையில் தவறு தெரியும்போது நூறு கல் வைத்து முடித்திருப்பீர்கள். வெள்ளை எல்.இ.டி. விளக்கு இடப்புறமிருந்து விழுந்தால் வலக்கையின் நிழல் குறியை மறைக்காது. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல என்பதால், சார்ஜ் செய்யக்கூடிய விளக்காக வாங்குவது நல்லது. கேன்வாஸின் கீழே வைக்கும் ஒளிப்பலகை குறிகளைத் தெளிவாகக் காட்டும், ஆனால் தடித்த கேன்வாஸில் அதன் ஒளி மேலே வராது.

தவறான கல்லை வைத்துவிட்டால்?

இடுக்கியின் நுனியைப் பக்கவாட்டில் நுழைத்து நெம்பி எடுங்கள். அருகிலுள்ள கற்களை மறு கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் அவை பெயராது. எடுத்த இடத்தில் பசை போயிருந்தால், பல்குச்சியின் நுனியில் ஃபெவிகாலைத் தொட்டு ஒரு புள்ளி வைத்து, ஒரு நிமிடம் கழித்துக் கல்லை வையுங்கள். பசையை நேராகப் பூசாமல், இருபுறமும் ஒட்டும் படலத்தை ஒட்டிய இரட்டை ஒட்டுப்பட்டை வகைக் கேன்வாஸில் அந்தப் படலம் குமிழி போல எழும்பி வெள்ளைக் கோடுகளாகத் தெரிவதுண்டு. ஊசியால் மெல்லக் குத்தி, காற்றை வெளியேற்றி அழுத்தினால் அடங்கிவிடும்.

தாத்தா பாட்டியின் புகைப்படத்தை இப்படிச் செய்து வாங்கலாமா?

இந்த ஆசையோடு வருபவர்களே அதிகம். ஏமாற்றமும் இதில்தான் அதிகம். 30க்கு 40 சென்டிமீட்டர் கேன்வாஸ் என்றால் முழுப் படத்துக்கும் குறுக்கே 120 புள்ளிகள், நெடுக்கே 160 புள்ளிகள் மட்டுமே. இருவரும் முழு உருவமாக நிற்கும் திருமணப் படத்தை அதில் அடக்கினால் ஒரு முகத்துக்கு இருபது புள்ளி அகலம்கூடக் கிடைக்காது. கண் இருக்குமிடத்தில் இரண்டு கறுப்புக் கற்கள் இருக்கும். முகம் மட்டும் நிறையும்படி படத்தை வெட்டி, ஒரு முகத்துக்கு 40க்கு 50 அளவாவது எடுத்தால்தான் பாட்டியின் சிரிப்பு பாட்டியுடையதாக இருக்கும். பின்னணியில் மரம், பூந்திரை என்று எதுவும் இல்லாத, ஒரு பக்கத்திலிருந்து நல்ல வெளிச்சம் விழும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். நிறங்கள் ஒற்றை ஒற்றையாகச் சிதறிக் கிடக்கும் பின்னணி, வேலையை இரட்டிப்பாக்கும், அழகு சேர்க்காது. சரிவு முழுவதும் குறிஞ்சி பூத்த 2018ஆம் ஆண்டுப் படத்தைக் கொண்டுவந்த ஒருவருக்கும், ஒரே ஒரு கொத்தை மட்டும் நெருங்கி எடுத்த படத்தைத் தேடும்படி இதே காரணத்தால்தான் சொன்னேன்.

குழந்தைகளோடு செய்யலாமா?

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்து செய்வார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில், கற்கள் வாய்க்கும் மூக்குக்கும் போகும் ஆபத்து இருப்பதால், தட்டைத் தரையில் வைப்பதே கூடாது.

கண்ணும் கழுத்தும் வலிக்கின்றனவே?

கேன்வாஸைப் படுக்கையாக வைக்காமல் சரிவான பலகைமேல் வைத்தால் கழுத்து குனிய வேண்டியிராது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சன்னலுக்கு வெளியே எதிர்மலையைப் பாருங்கள். மெல்லிய பேனாவில் விரல் வலித்தால் தண்டில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம்.

முடித்த படத்துக்கு மேற்பூச்சு வேண்டுமா? எப்படிச் சட்டமிடுவது?

முதலில் படத்தின்மேல் பேக்கிங் காகிதத்தை விரித்து, சப்பாத்திக் கட்டையால் சீராக உருட்டி அழுத்துங்கள். பிறகு ஒரு நாள் புத்தகக் கனத்தின்கீழ் வையுங்கள். நன்றாகப் பிடித்த படத்துக்கு மேற்பூச்சு கட்டாயமில்லை. பூச்சு கல்லின் மினுமினுப்பைச் சற்று மங்கச் செய்யும். கற்கள் தளர்ந்த படமானால் மெல்லிய பூச்சு கொடுக்கலாம். ஈரக் காற்றில் பூசினால் பால் போல வெளுத்துவிடும் என்பதால், மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையான நாள்களைத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணாடி இல்லாத சட்டத்தில்தான் கல்லின் ஒளி முழுதாகத் தெரியும். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் படத்துக்கும் ஈரச் சுவருக்கும் இடையே காற்று ஓடும். மலை உயரத்தில் புற ஊதாக் கதிர் வலுவாக இருக்கும். நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் வெளுக்கும்.

அச்சிட்ட குறியைப் பார்த்து ஒட்டுவதைக் கலை என்று சொல்லலாமா?

நீலகிரியில் இருந்துகொண்டு இதற்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் எம்பிராய்டரியைச் செய்யும் பெண்கள், வெள்ளைப் பருத்தித் துணியில் எந்தக் கோடும் வரையாமல், துணியின் இழைகளை எண்ணியெண்ணியே சிவப்பும் கறுப்புமான வடிவங்களை எழுப்புகிறார்கள். வடிவம் அவர்கள் மனத்தில் இருக்கிறது. டைமண்ட் பெயிண்டிங்கில் வடிவத்தை வேறொருவர் முன்பே தீர்மானித்துவிடுகிறார். நம்முடையது பொறுமையும் கைநேர்த்தியும் மட்டுமே. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் ஒப்பாது. ஆனால் கணவர் மறைந்தபின் மாலைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த ஒரு அக்கா, இந்தத் தட்டின் முன் இரண்டு மணி நேரம் அமைதியாக அமர்ந்திருப்பதைக் கண்டவள் நான். கலை என்ற பெயர் இல்லாமலேயே இந்தக் கைவேலைக்கு மதிப்பு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

மிஞ்சிய கற்களை என்ன செய்வது?

ஒவ்வொரு நிறத்திலும் சில கற்கள் கூடுதலாகவே வரும். எண் எழுதிய குப்பிகளில் சேர்த்துவைத்தால் அடுத்த படத்தில் குறையும் நிறத்துக்கு உதவும்; வாழ்த்து அட்டை, புத்தகக் குறி ஆகியவற்றிலும் ஒட்டலாம். எக்காரணம் கொண்டும் கூட்டி வாசலில் தள்ளாதீர்கள், ஈரத் துணியால் துடைத்துச் சாக்கடையிலும் அலசாதீர்கள். இவை மட்காத பிளாஸ்டிக். நம் வாசலில் ஓடும் மழைநீர், தேயிலைச் சரிவையும் சோலைக் காட்டையும் கடந்து ஓடைக்குத்தான் போகிறது. எள்ளளவான இந்தக் கற்களை அங்கிருந்து யாராலும் திரும்பப் பொறுக்க முடியாது. வேலை முடிந்ததும் ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி விரலில் சுற்றிக்கொண்டு, மேசையின் கீழும் பாயின் ஓரத்திலும் ஒற்றியெடுங்கள். எங்கள் வீட்டில் விளக்கணைக்கும் முன் செய்யும் கடைசி வேலை அதுதான்.